கண்ணாடிப் பெட்டியில் அத்தை

பிப்ரவரி 18

அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ நலமா என்று கேட்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே கத்த ஆரம்பித்துவிடுவீர்கள், எழுதுங்கள் என்று என் வீட்டுக்காரி சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். கட்டடக்காரர் கடையைக் காலி செய்யச் சொல்கிறார். செல்போன் ஷோரூம் வரப்போகிறதாம். நகராட்சியின் பழமையான கடைகள் பட்டியலில் நம் பெயர் ஏறிவிட்டால் அவரால் எங்களை அசைக்க முடியாது. அதில் ஏற வேண்டுமானால் ரொட்டிக்காரர் சங்கம் பட்டயம் தர வேண்டும். சங்கம் பட்டயம் தர வேண்டுமானால், நாம் அத்தை என்று கூப்பிடுகிற, ரொட்டியைப் புளிக்க வைக்கிற தாய்மாவு தாத்தா காலத்திலிருந்து இந்தக் கடையில் இடைவிடாமல் உயிரோடு இருக்கிறது என்று ஒரு சரித்திரப் பேராசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குத் தெரிந்த சரித்திரப் பேராசிரியர் நீ ஒருத்திதான்.

ஏப்ரல் முதல் தேதி நம் விழாவுக்குச் சங்கச் செயலாளர் வருகிறார். அன்றைக்கு அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். ஒரு பக்கம் போதும். புளிப்பு ரொட்டியின் சரித்திரம் நாலு வரி, அத்தையின் சரித்திரம் நாலு வரி. ‘இடைவிடாமல்’ என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும்.

போன விழாவில் நீ பேசியதை நான் மறக்கவில்லை. எதிர்க்கடை மீசை இன்னமும் அதைச் சொல்லித்தான் ரொட்டி விற்கிறார். இதையாவது எனக்காகச் செய்.

தம்பி


பிப்ரவரி 25

தம்பிக்கு,

நான் நலம். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

விடைத்தாள் கட்டுகள் மேசையை அடைத்துக் கிடக்கின்றன. இருந்தாலும் கடை போகும் என்கிறாய், அதனால் உடனே எழுதுகிறேன். முதலில் போன வருஷக் கதை. கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: “மேடம், நிஜமான அத்தை எந்தக் கடையில இருக்காங்க? இங்கயா, எதிர்லயா?” நான் “ரெண்டுலயும்தான்” என்றேன். அவ்வளவுதான் பேசினேன். மீசை நம் அப்பாவிடம் அடுப்பு பார்த்தவர். தனிக்கடை போட்டபோது, இதே போன்றதொரு ஏப்ரல் முதல் தேதி விழாவில், வரிசையில் நின்று மற்றவர்களைப் போலவே ஒரு கரண்டி மாவு வாங்கிப் போனார். கொடுத்தது அப்பா. பக்கத்தில் நீயும் நானும் நின்றோம். அதைத் திருட்டு என்று நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். கொடுத்ததை எப்படிடா திருட முடியும்?

இப்போது உன் நாலு வரி. மாவு எப்போது முதலில் புளித்தது என்று யாருக்கும் தெரியாது. எகிப்துக் கல்லறைச் சுவர்களில் ரொட்டி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கேதான் தொடங்கியது என்று பலர் எழுதுகிறார்கள், சான்று போதாது. யாரோ பிசைந்த மாவை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். பிற்காலத்தில் தங்கம் தேடிப் பனிநாட்டுக்குப் போனவர்கள், குளிரில் மாவு செத்துவிடக் கூடாது என்று அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தூங்கியதாகச் சொல்வார்கள். பொட்டல ஈஸ்ட் கடைக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் ரொட்டி உப்ப வேண்டுமென்றால் ஒன்று பீர் நுரை வேண்டும், இல்லாவிட்டால் இப்படி ஓர் அத்தை வேண்டும். இதற்கெல்லாம் நான் கையெழுத்துப் போடுவேன்.

நம் அத்தை விஷயம் வேறு. தாத்தாவுக்கு அவளைக் கொடுத்தது ஒரு கப்பல் சமையல்காரர் என்று அப்பா சொல்வார். ஆஸ்பத்திரிச் சமையற்கட்டு என்றும் சொல்வார். விருந்தாளிகள் வந்தால் ஓர் அரண்மனை வந்துவிடும். மூன்றும் ஒரே வாயிலிருந்து வந்தவை. அந்தப் பெயர்க் காரணம் ஒன்றுதான் மாறாமல் இருந்தது: வந்தவள் திரும்பிப் போகவில்லை, நேரத்துக்குச் சாப்பாடு வைக்காவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள், ஆகவே அத்தை.

‘இடைவிடாமல்’ என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை.

அக்கா


மார்ச் 3

அக்காவுக்கு,

ஆதாரம், ஆதாரம். நாற்பத்தைந்து வருஷமாக நான் தின்ற ரொட்டி ஆதாரம் இல்லையா? விடியற்காலையில் எழுந்து அத்தைக்கு மாவும் தண்ணீரும் வைத்தவன் நான். நீ லைப்ரரியில் உட்கார்ந்திருந்தாய்.

எல்லாவற்றுக்கும் உனக்கு ஆதாரம் வேண்டுமென்றால் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது. உடைந்த பிஸ்கட் நாள், கருகிய பன் நாள், நேற்றைய ரொட்டி நாள் என்று வருஷம் முழுக்கப் பலகை எழுதித் தொங்கவிட்டவர் அவர். “மிஞ்சிப்போனதைத் தள்ளுபடின்னு போட்டா கேவலம், விழான்னு போட்டா வரிசை” என்பார். எங்கோ யாரோ ஏப்ரல் முதல் தேதியைப் புளிப்பு ரொட்டி நாள் என்று வைத்திருக்கிறார்கள் என்று நீதானே கல்லூரியிலிருந்து வந்து சொன்னாய்? அன்றைக்கு அவர் எப்படிச் சிரித்தார்! “முட்டாள்கள் தினத்துல வெச்சிருக்கானா? அப்போ அதுதான் நம்ம நாள். அன்னிக்கு ஒரு நாள் மட்டும் அத்தையைப் பிரிச்சுக் கொடுப்போம், கேட்கிறவங்களுக்கு எல்லாம். மத்த நாள்ல அவளைப் பிரிக்கவே கூடாது.” இன்றுவரை அந்த விதியை நான் மீறவில்லை. எல்லா மாவும் ஒரே சாடியில்தான். ஊருக்குத் தெரியும் இது.

இந்த வருஷம் விழாவை யாரும் மறக்க முடியாதபடி செய்யப்போகிறேன். தச்சரிடம் சொல்லிக் கண்ணாடிப் பெட்டி ஒன்று தயாராகிறது. உள்ளே மஞ்சள் விளக்கு, நடுவில் சாடி. கடைக்குள் நுழைகிற செயலாளர் முதலில் பார்ப்பது அத்தையைத்தான். மீசை வாசலில் நின்று வயிறு எரியட்டும்.

நீ செய்ய வேண்டியது ஒரு சொல் எழுதுவது. ஒரே ஒரு சொல்.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

குறிப்பை எழுதிவிட்டேன், நீ படித்துப் பார்க்க ஒரு நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். ‘குடும்பத்தாரின் நம்பிக்கைப்படி தாத்தா காலத்திலிருந்து’ என்று இருக்கிறது. எனக்குத் தெரிந்த நேர்மையான வாக்கியம் இதுதான். சங்கத்துக்கு இது போதாமல் போகலாம் என்பதும் தெரியும். கடை போய்விடுமோ என்ற பயம் உனக்கு மட்டும்தான் என்று நினைக்காதே. நான் நடை பழகியது அந்த மாவு மூட்டைகளைப் பிடித்துக்கொண்டுதான்.

லைப்ரரி என்று எழுதியிருந்தாய். இருக்கட்டும்.

கண்ணாடிப் பெட்டி எனக்குப் பிடிக்கவில்லை. ஆளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்குப் போடுவது எப்போது என்று உனக்குத் தெரியாதா? அவள் அடுப்புக்குப் பக்கத்து மூலையில், ஈரத்துணிக்குக் கீழே, இருட்டில் இருந்து பழகியவள். உன் வீட்டுக்காரியிடம் கேட்டுப் பார். அவளும் இதையே சொல்வாள் என்று நினைக்கிறேன்.

அக்கா


மார்ச் 16

அக்காவுக்கு,

குறிப்பு கிடைத்தது. நன்றாக இருக்கிறது. நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும், ‘இடைவிடாமல்’ வேண்டாம். நம்பிக்கை என்றே இருக்கட்டும். கையெழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போட்டு அனுப்பு.

நீ விழாவுக்கு வந்து அலைய வேண்டியதில்லை. ரயிலில் கூட்டம் அதிகம், வெயில் வேறு.

அப்பா உனக்கு ஒரு ஜாடியில் மாவு கொடுத்தாரே, நீ வேலைக்குச் சேர்ந்த வருஷம்? அது என்ன ஆச்சு? சும்மாதான் கேட்டேன்.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

சின்ன வயதில் ஒரு மிட்டாய்க்குக்கூட நீ விட்டுக்கொடுத்தவன் இல்லை. ஒரு சொல்லுக்காகக் கத்திவிட்டு, அடுத்த கடிதத்தில் ‘நீ சொன்னால் சரி’ என்கிறாய். என் உடம்பைப் பற்றிக் கவலைப்படுகிறாய். சும்மா கேட்டேன் என்கிறாய்.

அப்பா கொடுத்த மாவு முதல் வருஷமே பூசணம் பிடித்துவிட்டது. எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஜாடியில் பேனா போட்டு வைத்திருக்கிறேன். இதை அப்பாவிடமே சொன்னேன், “பேனாவாவது உப்புதா பாரு” என்றார்.

அத்தைக்கு என்ன ஆச்சு?

குறிப்பில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பதில் வந்தபின் போடுவேன், அல்லது போட மாட்டேன்.

அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

செத்துவிட்டாள்.

பெட்டி வந்த அன்று, வாரவிடுமுறைக்கு முந்தின ராத்திரி, பார்வைக்கு எப்படி இருக்கிறது என்று சாடியை உள்ளே வைத்து விளக்கைப் போட்டேன். அழகாக இருந்தது, அக்கா. நகைக்கடை மாதிரி இருந்தது. அணைக்க மறந்து ஷட்டரை இறக்கிவிட்டேன். விடுமுறை முழுக்க எரிந்திருக்கிறது. திறந்தபோது பெட்டியில் கை வைக்க முடியவில்லை. மேலே தோல் மாதிரி காய்ந்து, உள்ளே வெந்துபோய், கஞ்சி வாடை. எவ்வளவோ மாவு வைத்தும் தண்ணீர் வைத்தும் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை. பிரிக்கக் கூடாது என்ற விதியால் வேறு சாடியும் இல்லை. நீ எழுதிய அதே வார்த்தையை என் வீட்டுக்காரியும் அன்று சொன்னாள், நான்தான் கேட்கவில்லை. இப்போது அவள் ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் தாங்கவில்லை.

இப்போதைக்குப் பொட்டல ஈஸ்ட் போட்டு, கொஞ்சம் வினிகர் சேர்த்துச் சுடுகிறேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரே ஒரு கிழவர் “இன்னிக்கு அத்தைக்கு ஜலதோஷமா?” என்று கேட்டார், சிரித்துச் சமாளித்தேன். விழாவுக்கும் அப்படியே ஒரு சாடி கரைத்து வைத்துவிடுவேன். வாங்கிப் போகிறவர்கள் வீட்டில் எப்படியும் கொன்றுவிடுவார்கள், வருஷா வருஷம் நடப்பதுதானே? செயலாளர் நாக்கை நீட்டிப் பார்க்கப்போவதில்லை. காகிதத்தைத்தான் பார்ப்பார்.

கையெழுத்துப் போட்டு அனுப்பு. அத்தை போய்விட்டாள், கடையாவது இருக்கட்டும்.

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

உன் கடிதத்தை வகுப்புக்குப் போகும் வழியில் மாடிப்படியில் நின்று படித்தேன். பிறகு பாடம் ஒழுங்காக நடத்தவில்லை. பூனை செத்தால் துக்கம், நாய் செத்தால் துக்கம். மாவு செத்ததற்கு எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் “உடம்பு சரியில்லையா மேடம்?” என்று கேட்டார்கள்.

கையெழுத்துப் போட மாட்டேன். செயலாளரிடம் நானாகப் போய்ச் சொல்லவும் மாட்டேன். அவர் என்னைக் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று யோசி. அத்தை உன் கடையில்தான் செத்தாள். எத்தனை ஏப்ரல் முதல் தேதிகளில் அப்பாவும் நீயும் கரண்டி கரண்டியாகக் கொடுத்திருக்கிறீர்கள்! எல்லாரும் கொன்றிருக்க மாட்டார்கள். அப்பாவின் பாதி விதியை நீ காப்பாற்றியதால் அவள் செத்தாள். மீதி விதியை அவர் காப்பாற்றியதால் எங்கேயோ இருக்கிறாள். எங்கே இருக்கிறாள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பலகையில் அன்று ‘கொடுக்கும் நாள்’ என்று எழுதுவாய் அல்லவா? இந்த ஒரு தடவை ‘கேட்கும் நாள்’ என்று எழுது.

நான் வரட்டுமா?

அக்கா


மார்ச் 30

வராதே. வந்தால் ஷட்டரை இறக்கிவிடுவேன். திருடன் என்று சொன்ன வாயால் அந்த ஆளிடம் போய் ஒரு கரண்டி மாவு கேட்கச் சொல்கிறாய். கடை போனாலும் போகட்டும், அது நடக்காது.

தம்பி


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நீ வராதது நல்லதாகப் போயிற்று. நீ பார்த்துக்கொண்டிருந்தால் என்னால் முடிந்திருக்காது.

நேற்று விடிவதற்கு முன்பே போலிச் சாடியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தேன். விளக்கைப் போடவில்லை. கடை திறக்கும்போதே வரிசை. எல்லார் கையிலும் காலி ஜாடி. செயலாளர் கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். என் சட்டைப்பையில் உன் குறிப்பின் நகல், கையெழுத்து இல்லாமல். அந்த இடத்தில் நானே ஏதாவது கிறுக்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

வரிசையில் முதல் ஆள் பஸ் கண்டக்டர் அம்மா. உனக்கு ஞாபகம் இருக்கும், வருஷா வருஷம் வருவார். நான் கரண்டியைக் கையில் எடுத்துவிட்டேன். அவர் சாடியைப் பார்த்துக் கை கூப்பாத குறையாக, “போன வருஷம் கொடுத்ததையும் கொன்னுட்டேன்ப்பா. டியூட்டி மாறிப்போச்சு, சோறு வைக்க மறந்துட்டேன். மன்னிச்சுக்கச் சொல்லு அத்தையை” என்றார்.

எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டார்! என் கை சாடிக்குள் போகவில்லை.

“எங்களதும் செத்துப்போச்சும்மா” என்றேன்.

கடையே சிரித்தது. அக்கா, தேதியை நான் மறந்தே போயிருந்தேன். “நிஜமாத்தான் சொல்றேன்” என்றேன், இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். “முகத்தைப் பாருங்க, அழுற மாதிரியே நடிக்கிறாரு” என்று ஒருவர் கைதட்டினார். என் வீட்டுக்காரி உள்ளே போய், தூக்கி எறிய மனமில்லாமல் நான் பின்கட்டில் மூடி வைத்திருந்த பழைய சாடியைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்துத் துணியை எடுத்தாள். வாடை அடித்தது. அப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியில் இருப்பது பொட்டல ஈஸ்ட் என்றும் சொல்லிவிட்டேன். செயலாளர் கோப்பின் நாடாவைக் கட்டிக்கொண்டார்.

நாலைந்து பேர் வீட்டுக்கு ஓடிப்போய் இருந்ததைக் கொண்டுவந்தார்கள். ஒன்று கறுத்திருந்தது. ஒன்றில் சர்க்கரையைக் கொட்டி வளர்த்திருக்கிறார்கள், சாராய நாற்றம். ஒன்று ஃப்ரிட்ஜில் கல்லாகியிருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், அப்புறம் எதிர்க்கடையைப் பார்த்தார்கள்.

நான் ரோட்டைக் கடந்து போனேன்.

மீசை பிசைந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. “என்ன, திருடன் கடைக்கெல்லாம் முதலாளி வந்திருக்கீங்க?”

“ஒரு கரண்டி மாவு வேணும்.”

“இன்னிக்கு ஏப்ரல் ஒண்ணு. நான் ஏமாற மாட்டேன்.”

“விளையாட்டு இல்லீங்க. அத்தை செத்துப்போச்சு.”

அப்போதுதான் நிமிர்ந்தார். மாவுக் கையோடு அப்படியே நின்றார். அவர் சம்சாரம்தான் முதலில் பேசினார்: “குடுக்கிறோம் தம்பி. ஆனா இவர் இந்தத் தெருவுல தலைகுனிஞ்சு நடந்தது எனக்குத்தான் தெரியும். இதை உங்க அப்பா குடுத்தாருன்னு அங்க நிக்கிறவங்க கிட்ட ஒரு தடவை சொல்லிட்டு வாங்கிட்டுப் போங்க.”

நடு ரோட்டுக்கு வந்து சொன்னேன். பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது, அதனால் இரண்டாவது தடவை கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. “எங்க அப்பா குடுத்தது. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். திருடலை.”

மீசை ஒரு கரண்டி கொடுக்கவில்லை. கிண்ணம் நிறையக் கொடுத்தார். “முழுக்கோதுமையே தின்னு பழகினவ. உங்க மைதாவை வெச்சா ரெண்டு நாள் மூஞ்சி தூக்குவா, பயந்துடாதீங்க.” சமாதானம் என்று நினைத்துக்கொள்ளாதே. இன்று காலையும் அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டவில்லை.

செயலாளர் போகும்போது சொன்னார்: “இந்த மாதிரிக்கு எங்க விதியில இடமில்லை. உங்க அக்கா என்ன எழுதுறாங்களோ எழுதட்டும், கமிட்டியில வைக்கிறேன். இந்த மாசக் கடைசி வரைக்கும்தான்.” கட்டடக்காரர் அதற்குள் அளவு எடுக்க ஆள் அனுப்பிவிட்டார். டேப்பை விரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நீ என்ன எழுதினாலும் சரி. ஒரு சொல்லும் நான் கேட்க மாட்டேன்.

தம்பி


ஏப்ரல் 7

தம்பிக்கு,

பழைய குறிப்பைக் கிழித்துவிட்டேன். புதியது இத்துடன் தனி உறையில் இருக்கிறது, கையெழுத்தோடு. நீ கேட்டபடி கொஞ்சம் பெரிதாகவே போட்டிருக்கிறேன். முக்கியமான பகுதியை இங்கேயும் எழுதுகிறேன், அந்த உறையைப் பிரிக்கும் முன்பே உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக:

‘இத்தாய்மாவு தாத்தா காலத்தது என்பதற்குச் சான்று இல்லை. தந்தை அதை எதிர்க்கடைக்காரருக்குக் கொடுத்தார் என்பதற்கு நேரில் பார்த்த இருவரின் சாட்சி உண்டு. நான் அதில் ஒருத்தி. அது இக்கடையில் இவ்வாண்டு இறந்தது. எதிர்க்கடையில் இறக்கவில்லை. ஏப்ரல் முதல் தேதி அங்கிருந்து இங்கே திரும்பி வந்ததைத் தெருவே பார்த்திருக்கிறது. ஆகவே, எங்களுக்குத் தெரிந்த காலம் முதல், இத்தாய்மாவு இந்தத் தெருவில் இடைவிடாமல் உயிரோடு இருந்து வருகிறது.’

நீ கேட்ட சொல் இருக்கிறது. ‘இந்தக் கடையில்’ என்பது இல்லை. பட்டயம் கொடுத்தால் இரண்டு கடைகளின் பெயரிலும் கொடுக்க வேண்டும், ஒரு பெயரை மட்டும் போட்டால் என் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வேன் என்று செயலாளருக்குத் தனியாக எழுதிவிட்டேன். விண்ணப்பத்தில் மீசையும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அதற்கு நீ இன்னொரு தடவை ரோட்டைக் கடக்க வேண்டும். இந்தத் தடவை லாரி வராத நேரமாகப் பார்.

கமிட்டி என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. நல்லபடியாக முடியும் என்று எழுத எனக்குக் கை வராது, உனக்குத் தெரியும். டேப்பை விரித்தவர்களை உள்ளே விடாதே.

ஜாடியிலிருந்து பேனாக்களை எடுத்துவிட்டேன். மைக் கறை போகும்வரை கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வளர்ப்பேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை. லீவு கிடைத்ததும் வருகிறேன், ஷட்டரைத் திறந்து வை. ஒரு கரண்டி வேண்டும்.

எந்தக் கடையில் வாங்குவேன் என்று இப்போதே சொல்ல மாட்டேன்.

அக்கா